வாய்ச்சொல் டானிக்

டானிக் இல்லாத வீடு எது? பரீட்சை நெருங்கினால் பிள்ளைக்கு ஒரு புட்டி. ஜுரம் விட்டு எழுந்த பாட்டிக்கு ஒரு புட்டி. ஆனால் கரண்டியில் ஊற்றாமல், காதின் வழியாகப் புகட்டும் டானிக் ஒன்று இருந்தது தெரியுமோ? அதற்கு 'வோகல் டானிக்' என்று கல்கத்தாவாசிகள் பெயர் வைத்திருந்தார்கள். அதாவது, வாய்ச்சொல் டானிக்! அதைக் கொடுத்து வந்தவர் வைத்தியர் அல்ல. ஒரு கால்பந்து ஆட்டக்காரர். பெயர் பிரதீப் குமார் பானர்ஜி. வங்காளத்தில் 'பி.கே.' என்ற இரண்டு எழுத்துப் போதும். கடைக்காரரிலிருந்து கல்லூரி ஆசிரியர் வரையில் எல்லோருக்கும் தெரியும்.

"பந்து விளையாட்டா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். சோர்ந்து போன பிள்ளையை எழுப்பி நிறுத்துவது எப்படி என்பது, வீட்டில் குழந்தைகளை வளர்க்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள கவலைதானே? இந்த மனிதர் ஆயுள் முழுவதும் செய்த வேலை அதுதான்.

உத்தியோகமும் உதைபந்தும்

வங்காளத்தின் வடகோடியில், இமயமலை அடிவாரத்தில் ஜல்பைகுரி ஜில்லா இருக்கிறது. அங்கே 1936-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி பி.கே. பிறந்தார். பிறகு குடும்பம் இரும்பு ஆலை ஊரான ஜாம்ஷெட்பூருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர் அப்போது பீகாரில் இருந்ததால், பீகார் மாகாணக் கோஷ்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. மாகாணங்கள் மோதும் சந்தோஷ் கோப்பைப் பந்தயத்தில் வலது ஓரத்தில் ஓடி ஆடியபோது பையனுக்கு வயது பதினைந்துதான்!

1954-ல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் சங்கத்தில் சேர்ந்தார். அடுத்து ஈஸ்டர்ன் ரயில்வே. அந்த நாளில் பந்தை உதைத்துப் பங்களா கட்டியவர் எவரும் இல்லை. கைதட்டல் நிறையக் கிடைக்கும்; ஆனால் கைதட்டலைக் கொண்டு போய் மளிகைக் கடையில் கொடுக்க முடியுமா? மாதம் பிறந்தால் சம்பளம் வரவேண்டும். ரயில்வேயில் உத்தியோகமும் கிடைத்தது, ஆட்டமும் கிடைத்தது.

கல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்று மூன்று பெரிய சங்கங்கள். ஊரே இவற்றின் பெயரால் பிரிந்து கிடக்கும். ஈஸ்ட் பெங்கால் ஜயித்தால் ஹில்ஸா மீன் குழம்பு, மோகன் பகான் ஜயித்தால் இறால் என்று அடுப்படி வரையில் கட்சி! நாட்டிலேயே பெயர் பெற்ற முன்னணி ஆட்டக்காரர் இந்த மூன்றில் ஒன்றின் சட்டையைப் போட்டிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பி.கே. போடவில்லை. 1967-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும் வரையில் ரயில்வே கோஷ்டியிலேயே இருந்தார். அந்தச் சின்னக் கோஷ்டி 1958-ல் கல்கத்தா லீக் பட்டத்தையே தட்டிக்கொண்டு போயிற்று. மூன்று பெரியவர்களையும் தாண்டி இன்னொரு சங்கம் அந்தப் பட்டத்தைத் தொடுவதற்கு 2019 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்போர்னிலிருந்து ரோம் வரை

1955-ல் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் பந்தயத்தில் முதல் தடவையாக இந்தியாவுக்காக ஆடினார். மறு வருஷம் மெல்போர்ன் ஒலிம்பிக். அங்கே நம்மவர்கள் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று தோற்கடித்து அரை இறுதிக்குப் போனார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் அந்தப் படியில் ஏறிய முதல் ஆசிய நாடு இந்தியாதான். கடைசியில் நான்காவது இடம் கிடைத்தது.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பி.கே.தான் காப்டன். பிரான்ஸுடன் ஆடிய ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோல் காப்டன் போட்டது. 1961-ல் அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்டபோது, கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் ஆளும் அவரே.

அந்நாளில் மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்வார்கள்: பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். பலராம் செகந்திராபாத் பக்கத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூவரும் முன்வரிசையில் நின்றால் எதிரிக் கோஷ்டியின் கோல்காவலருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஜாகார்த்தாவில் ஓர் இரவு

1962-ம் வருஷம் ஜாகார்த்தாவில் ஆசிய விளையாட்டுக்கள். இஸ்ரேலையும் தைவானையும் வரவிடாமல் இந்தோனேஷியா தடுத்ததை, ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த இந்தியரான ஜி.டி.சோந்தி ஆட்சேபித்தார். அதனால் ஊர் ஜனங்களின் கோபம் முழுவதும் இந்தியர்கள் மேல் திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. நம் ஆட்டக்காரர்கள் வெளியே தலை காட்டவே யோசிக்க வேண்டிய நிலைமை.

இறுதி ஆட்டத்தில் எதிரி தென் கொரியா. அதே பந்தயத்தின் ஆரம்பத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த கோஷ்டி! போதாக்குறைக்குத் தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னெய்ல் சிங்குக்கு மண்டையில் காயம், தையல் போட்டிருந்தது.

பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். உடம்புக்குள் புற்றுநோய் புகுந்திருந்த மனிதர். இறுதி ஆட்டத்துக்கு முந்தின இரவு அவர் தம் பிள்ளைகளிடம் வியூகம், திட்டம் என்று நீளமாகப் பேசவில்லையாம். நாளைக்கு எனக்கு ஒரு பரிசு தாருங்கள், தங்கப் பதக்கம் தாருங்கள் என்று மட்டும் கேட்டார் என்று அந்த ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 4-ந் தேதி. லட்சம் பேர் கூச்சலிடும் மைதானத்தில், பதினேழாவது நிமிஷம் பி.கே. கோல் போட்டார். அடுத்த மூன்றே நிமிஷத்தில் ஜர்னெய்ல் சிங்! காயம்பட்ட அந்தத் தடுப்பு ஆட்டக்காரரை ரஹீம் முன்வரிசைக்கு மாற்றியிருந்தார். கொரியர்கள் ஒரு கோல் திருப்பினார்கள். அதோடு சரி. 2-1. தங்கம் நமக்கு! அந்தப் பந்தயத்தில் பி.கே. போட்டவை மொத்தம் நான்கு கோல்கள்.

ரஹீம் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது. ஒரு வருஷம்கூட முடியவில்லை; 1963 ஜூன் மாதம் அவர் காலமானார். ஆனால் ஒரு மனிதரின் வார்த்தை பதினொரு பேரின் கால்களில் என்ன பலத்தை ஏற்றும் என்பதை இருபத்தாறு வயது பி.கே. கண்ணாரப் பார்த்துவிட்டார்.

பிரதீப் தா

வங்காளியில் 'தா' என்றால் அண்ணா. ஆட்டத்தை விட்ட பிறகு பி.கே. எல்லோருக்கும் பிரதீப் தா ஆனார். ஆட்டக்காரராக எந்தப் பெரிய சங்கத்தின் வாசலில் காலெடுத்து வைக்கவில்லையோ, அங்கேயே பயிற்சியாளராக நுழைந்தார். 1972-ல் ஈஸ்ட் பெங்கால். அவர் இருந்த நான்கு வருஷமும் கல்கத்தா லீக் பட்டம் அவர்களுக்கே. 1975-ல் ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று முறியடித்தார்கள். அந்தச் சமயத்தில் அவருடைய சொந்தத் தம்பி பிரசூன் பானர்ஜி மோகன் பகான் ஆட்டக்காரர்! அந்த வீட்டில் அன்று ஹில்ஸாவா, இறாலா?

1973-ல் மோகன் பகானிலிருந்து சுபாஷ் பவுமிக் என்ற முன்னணி ஆட்டக்காரர் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று பலர் கைகழுவியிருந்த நேரம். பி.கே. அவரை எடுத்து நிறுத்தினார். தமக்குப் புது வாழ்வு தந்தவர் பிரதீப் தாதான் என்று பவுமிக் கடைசி வரையில் சொல்லி வந்தார். அதே பவுமிக் பின்னால் தாமே பயிற்சியாளராகி, 2003-ல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆசியான் சங்கங்களின் கோப்பையை வாங்கித் தந்தார். ரஹீம் ஏற்றிய விளக்கிலிருந்து பி.கே.; பி.கே.யிலிருந்து பவுமிக்!

1976-ல் பி.கே. மோகன் பகானுக்கு மாறினார். லீக் பட்டமும் கூடவே மாறி வந்தது! மறு வருஷம் லீக் கைநழுவிப் போயிற்று. கோஷ்டி சோர்ந்திருந்த வேளையில், செப்டம்பர் 24-ந் தேதி ஈடன் கார்டனுக்கு வந்து நின்றவர் யார் தெரியுமா? சாட்சாத் பெலே! அமெரிக்காவின் காஸ்மாஸ் கோஷ்டியுடன் வந்திருந்தார். உலகமே வணங்கிய மனிதருக்கு எதிரே நம் பையன்கள் கைகட்டி நிற்கவில்லை. ஆட்டத்தை 2-2 என்று சமமாக முடித்தார்கள். லீக்கைப் பறிகொடுத்த அதே கோஷ்டி அதே பருவத்தில் ஐ.எப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ், டியூராண்ட் என்று மூன்று கோப்பைகளையும் அள்ளிக்கொண்டு வந்தது. டானிக் வேலை செய்யாமலா?

எப்போதும் பலித்தது என்று சொன்னால் அது கட்டுக்கதையாகி விடும். 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டில் இந்தியக் கோஷ்டிக்கு அவர்தான் பயிற்சியாளர். சொந்த மண், சொந்த ஜனங்கள். இருந்தும் கால் இறுதியில் சவுதி அரேபியாவிடம் 1-0 என்று தோல்வி. சொல்லுக்கு மிஞ்சிய பலம் எதிரே நின்றால் சொல் என்ன செய்யும்?

ஆயினும் அறுபது வயதுக்கு மேலும் டானிக்கின் காரம் குறையவில்லை. 1997 ஜூலையில் பெடரேஷன் கோப்பை அரை இறுதி. மறுபடியும் ஈஸ்ட் பெங்கால் அவர் கையில். எதிரே மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, வியூகம் வகுப்பதில் சூரர். 'வைர வியூகம்' என்று ஒன்றை அமைத்து ஜயித்து வந்தவர், ஈஸ்ட் பெங்கால் பையன்களுக்குக் கேலிப் பெயரும் சூட்டினார். பி.கே. மறுமொழி சொல்லவில்லை, அந்தக் கேலியையே மருந்தாக அரைத்துத் தம் பிள்ளைகளுக்குப் புகட்டினார். சால்ட் லேக் மைதானத்தில் அன்று ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கேலிக்கு ஆளான சிக்கிம் பையன் பைசுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜயித்தது!

பெரிய பரிசு

1990-ல் பத்மஸ்ரீ, 2004-ல் உலகக் கால்பந்து சம்மேளனத்தின் சிறப்பு விருது. இவற்றுக்கு நடுவே, தாம் வளர்ந்த ஜாம்ஷெட்பூருக்கே திரும்பிப் போய், டாடா கால்பந்துப் பள்ளியில் சிறுவர்களுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்த வருஷங்களும் உண்டு.

2020-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி, எண்பத்து மூன்றாம் வயதில், பி.கே. கோல்கத்தாவில் காலமானார். நாற்பத்தொரு நாள் கழித்துச் சுனி கோஸ்வாமியும் போனார். 2023-ல் பலராமும் போய்ச் சேர்ந்தார். முன்வரிசை மூவரும் இப்போது இல்லை.

பி.கே. பிறந்த ஜூன் 23-ந் தேதியை, சின்னஞ்சிறு குழந்தைகள் பந்தாடும் நாளாக இந்தியக் கால்பந்து சம்மேளனம் வைத்திருக்கிறது. சிலையைவிட அது பொருத்தமான மரியாதை. அன்று வெயிலில் ஓடியாடிவிட்டு, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, தோற்றுப் போன முகத்துடன் ஒரு பிள்ளை வீட்டுக்கு வரும். "உன்னால் என்னடா முடியும்?" என்று கேட்டுவிடாதீர்கள். காயத்துக்கு மருந்தைத் தடவுங்கள்; காதில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். செலவில்லாத டானிக் அது!