கற்சுவரும் கம்பியில்லா இணையமும்

மராட்டிய மாநிலத்தின் இவ்விரயில்வே ஊரில் எங்கள் தமிழ் ஆலயத்தை வாசக அன்பர்களில் பலர் அறிவர். கருங்கல்லால் ஆன கட்டடம். சுவரின் கனம் இரண்டு அடி. உள்ளே சித்திரை வெயிலும் உறைக்காது. கைப்பேசிக்கு அலையும் சரிவரக் கிட்டாது.

சென்ற ஆண்டு எங்கள் சபையைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் காலமானார். புதல்வர் இருவரும் வளைகுடா நாட்டில் வேலை செய்பவர்கள். அவர்கள் விடுப்புப் பெற்று வந்து சேருமுன் அடக்க ஆராதனை முடிந்துவிடுமாதலால், வாலிபர் ஒருவர் தம் கைப்பேசி வழியே காட்சியை அனுப்பினார். ஜெபம் தொடங்கியதும் படம் நின்றுவிட்டது. மீண்டும் வந்தபோது பெட்டி வாயிற்படியைக் கடந்திருந்தது. அன்றிரவு மூத்த மகன் தொலைபேசியில், "அப்பா முகத்தைப் பார்க்கவில்லையே" என்று அழுதார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஆலயத்திற்கு இணையம் வேண்டுமென்று மனுக் கொடுத்தோம்.

உடனே சம்மதம் கிடைத்ததென்று எண்ண வேண்டாம். மூன்று கூட்டங்கள் நடந்தன. பணத்தைப் பற்றி எவரும் தடை கூறவில்லை என்பது வியப்பே. "ஆராதனை வேளையில் பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பார்களா, போனைப் பார்ப்பார்களா?" என்று மூத்த அண்ணாச்சி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பிரசங்கம் நீண்டால் பெரியவர்களும் பார்க்கிறார்கள் என்பதை அங்கே சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை.

மற்றொருவரின் ஆட்சேபணை இன்னும் கனமானது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பாக ஒரு மிரட்டல் மின்னஞ்சல் சென்றது. நவி மும்பையில் ஒரு வீட்டில் காவலின்றி இருந்த வைஃபை வழியே அது அனுப்பப்பட்டதாகப் பின்னர் தெரிந்தது. அனுப்பியவர் வேறு, விசாரணைக்கு உள்ளானவர் வீட்டுக்காரர். "அப்படி ஒன்று நேர்ந்தால் போதகர் ஐயா அல்லவா பதில் சொல்ல வேண்டும்?" என்றார் அவர்.

அலுவலகத்தில் குறிப்பு எழுதிப் பிழைக்கும் குமாஸ்தாக்களாகிய நாங்கள் இதற்கும் ஒரு குறிப்பு எழுதினோம். இடையூறாக நின்ற கற்சுவரே அதற்கு வழி காட்டியது. ஆராதனை நடக்கும் இடத்தில் வைஃபை வேண்டாம். இணைப்பு போதகர் இல்லத்தில் இறங்கட்டும். அங்கிருந்து ஒரு கம்பி ஆலயத்துள் சென்று காமிராவை மட்டும் சேரட்டும். இவ்வகைச் செம்புக் கம்பி 100 மீட்டர் வரை நம்பகமாக வேலை செய்யும்; எங்களுக்கு வேண்டியது 40 மீட்டரே. வைஃபை பெட்டி பக்கத்துக் கூடத்தில், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்காக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காட்டிலும் சுவரில் விரைவாக மெலிவது. ஆதலால் அதை மட்டுமே இயக்குவது. கடவுச்சொல் மாதந்தோறும் மாறும். பெறுவோர் நோட்டில் பெயர் எழுத வேண்டும். அண்ணாச்சியே முதலில் கையெழுத்திட்டார்.

கல்லில் துளையிடப் போதகர் ஐயா இசையவில்லை. பழைய ஒலிபெருக்கிக் கம்பிக்காக மேற்கு ஜன்னலின் மரச்சட்டத்தில் இட்ட துளையைக் கோயில்பிள்ளை காட்டிக்கொடுத்தார். குடியிருப்புச் சாலையின் மேல் கம்பி இழுக்க அனுமதி பெறத்தான் ஏழு வாரம் சென்றது. எங்கள் மேசைகளிலும் அத்தகைய கடிதங்கள் கிடப்பதுண்டாகையால் யாரையும் குறை கூறோம்.

டிரைவர் ஐயாவின் முதலாண்டு நினைவு ஆராதனையைப் புதல்வர் இருவரும் தொடக்கமுதல் இறுதிவரை கண்டனர். மின்விசிறி இரைச்சலில் வேதவாசிப்புப் பாதி விளங்கவில்லையென்று மூத்தவர் குறைப்பட்டார். ஒலிவாங்கியைப் பீடத்தருகே மாற்றியிருக்கிறோம்.

எழுந்து வர இயலாத பெரியோர் உள்ள இல்லத்தார் கோயில்பிள்ளையிடம் தெரிவித்தால், சனிக்கிழமை மாலை வாலிபர் ஒருவர் வந்து போனில் அமைத்துக் கொடுப்பார்.