திருடன் இப்போ பெட்ரோல் உறிஞ்சுவதில்லை!

ஒரு காலத்தில் ஸ்கூட்டர் பக்கம் வருகிற திருடனுக்கு ஒரு ரப்பர் டியூபும் கொஞ்சம் மூச்சும் இருந்தால் போதும். ராத்திரியோடு ராத்திரியாக டாங்க்கைக் காலி செய்துவிடுவான். நமக்கு நஷ்டம் ரெண்டு லிட்டர். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தபின் பாவம், அவனும் தொழிலை மாற்றிக்கொண்டுவிட்டான். இப்போ கண்ணெல்லாம் பேட்டரி மேல்!

வண்டியிலேயே விலை அதிகமான ஒற்றைச் சாமான் அதுதான். சில மாடல்களில் கையோடு கழற்றிக்கொள்ளலாம். நமக்கு வசதி. அவனுக்கும்தான்!

டெல்லிப் பக்கம் இ-ரிக்‌ஷாக்களில் சீட்டுக்கு அடியில் பெரும்பாலும் நாலு லெட்-ஆசிட் பேட்டரி. உள்ளே இருக்கும் ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் காசு. பேட்டரி போனால் வண்டி வெறும் தகர டப்பா. அடுப்பு எரியாது, கடன் தவணை மட்டும் கரெக்டாக வந்து நிற்கும்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்கிறது? 2024-ல் சியாட்டில், ஹூஸ்டன் நகரங்களில் சார்ஜிங் கேபிளையே வெட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே தாமிரமாச்சே!

எதிர் வீட்டு மாமாவுக்கு மட்டும் கவலையே இல்லை. ''அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் கட்டியாச்சுப்பா. நீ காமர்ஸ் படிச்சவன்தானே, பாரு!'' என்று பாலிசியை நீட்டினார்.

பார்த்தேன். அஞ்சு வருஷம் என்பது தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு அது கட்டாயம். நம் வண்டி யார் மீதாவது மோதினால் அவருக்குத்தான் அதில் பணம். வண்டி களவு போனால் சல்லிக்காசு வராது. அதற்கு 'ஓன் டேமேஜ்' வேண்டும். பெரும்பாலும் அது ஒரே வருஷம். மாமாவுக்கு முடிந்து ஏழு மாசம்!

இன்னொரு கொக்கியும் உண்டு. டூவீலர் பாலிசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: அக்சஸரீஸ் மட்டும் திருடு போனால் இழப்பீடு இல்லை, வண்டியும் சேர்ந்து போக வேண்டும். அப்படியானால் பேட்டரி வண்டியின் பாகமா, அக்சஸரியா? ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

பேட்டரியின் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். எங்காவது பிடிபட்டால் அது உங்களுடையது என்பதற்கு அதுதான் சாட்சி. சாவி ரெண்டும் பத்திரம். வண்டியே போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் ரெண்டையும் கேட்பார்கள். களவு தெரிந்த அன்றே போலீஸில் புகார், இன்ஷூரன்ஸுக்குத் தகவல்.

மாமா அன்றைக்கே பாலிசியைப் புதுப்பித்துவிட்டார். இப்போ தினம் ராத்திரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மூணு மாடி ஏறுகிறார்.

மாமி சொல்கிறாள்: ''பேரனைக்கூட இவர் இவ்வளவு ஜாக்கிரதையா தூக்கினதில்லே!''