பிசினஸ் கிளாஸ் புக் பண்றீங்களா? முதல்ல 1-2-1 இருக்கான்னு பாருங்க!

மண்டகப்பட்டு, செஞ்சி பக்கத்திலிருந்து லண்டனோ நியூயார்க்கோ போக, முதலில் சென்னை ஏர்போர்ட்டுக்கே பாதி நாள் போய்விடும். அதன்பிறகு விமானத்திலாவது கால் நீட்டித் தூங்கலாமே என்று சேமிப்பைப் போட்டு பிசினஸ் கிளாஸ் எடுப்பவர்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், அந்தப் பெயரில் விற்பது ஒரே சீட் இல்லை.

எமிரேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய போயிங் 777 விமானங்களில் வரிசைக்கு 2-3-2. நடு சீட்டில் மாட்டினால் இரண்டு பக்கமும் ஆள். ஜன்னலோரம் என்றால், பாத்ரூம் போக பக்கத்தில் படுத்திருப்பவரின் காலைத் தாண்ட வேண்டும். அதே நிறுவனத்தின் ஏ380-இல் 1-2-1. எல்லோருக்கும் நேரடி நடைபாதை. ஏர் இந்தியாவும் அப்படித்தான்: 2024 ஜனவரியில் வந்த ஏ350-இல் கதவு வைத்த 28 சூட்கள், பழைய 787-இல் 2-2-2.

எனவே டிக்கெட்டில் விமான மாடலைப் பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் நடக்கும், கிளம்பும் முன் சீட் மேப்பை இன்னொரு தடவை பார்ப்பது நல்லது.

கதவைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பல 1-2-1 சீட்களில் கால் வைக்கும் இடம் முன்சீட்டுக்கு அடியில் குறுகிவிடும். உயரமானவர்களுக்கு முதல் வரிசை பெரும்பாலும் வசதி. ஆனால், கைக்குழந்தைத் தொட்டிலையும் பல விமானங்களில் அங்கேதான் மாட்டுவார்கள்!