குடியம் குகையின் கூழாங்கற்கள்

பூண்டி ஏரிவரை போகிறவர்கள், கொஞ்சம் தாண்டி அல்லிக்குழி மலையிலுள்ள குடியம் குகையையும் பார்த்துவிடுங்கள். குகைச் சுவரெங்கும் கான்கிரீட்டில் ஜல்லி பதிந்ததுபோல் கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கும். இதுதான் திரள் பாறை.

2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கற்களை மணலும் மண்ணும் இறுகப் பிணைத்து உண்டான படிவுப் பாறை இது. கல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால், பழங்கால நீரோட்டம் நெடுந்தூரம் உருட்டிவந்த கல். கூராகவே இருந்தால் அது பிரெச்சியா என்ற வேறு வகை. உடைந்த இடத்துக்கு அருகிலேயே படிந்தது.

இந்தப் பகுதியின் குவார்ட்சைட் கற்களில்தான் ஆதிமனிதர் கைக்கோடரி செய்தார்கள். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! குகைச் சுவரிலிருந்து ஒரு கல்லைக்கூடப் பெயர்த்துவிடாதீர்கள்.