கோடையில் துருவேறும் குளிர்காலக் குழாய்

அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட், மினசோட்டா போன்ற குளிர்மிகுந்த மாநிலங்களிலும் கனடாவின் ஊர்ப்புறங்களிலும் விறகெரித்து வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்புகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து எரிபொருள் விலை ஏறியபோது அங்கே பல குடும்பங்கள் மீண்டும் விறகுக்குத் திரும்பின. அக்காலத்தில் வாங்கப்பட்ட அடுப்புகள் வார்ப்பிரும்பாலோ தடித்த எஃகுத் தகட்டாலோ ஆனவையாதலால் அவற்றுள் சில இன்னும் உழைக்கின்றன. அடுப்பின் தலையிலிருந்து எழும் கறுப்புப் புகைக்குழாய்க்கோ அத்தகைய ஆயுள் கிடையாது; வழக்கமான ஆறு அங்குலக் குழாயின் தகடு ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் கனமே உடையது. அடுப்பு திடமாக இருக்கும்வரை குழாயும் திடமாகவே இருக்கும் என்று வீட்டுக்காரர்கள் நம்பிவிடுவதுதான் பல இடையூறுகளுக்குத் தொடக்கம்.

இங்கே இரண்டு உறுப்புகளைப் பிரித்தறிவது அவசியம். அடுப்பிலிருந்து கிளம்பி அறைக்குள் கண்ணுக்குத் தெரியும்படி செல்லும் ஒற்றைத் தகட்டுக் குழாய் புகைக்குழாய் எனப்படும். அது போய்ச் சேர்ந்து, கூரையைத் துளைத்து வெளியேறும் பகுதி புகைபோக்கி. பின்னது செங்கல்லால் கட்டப்பட்டதாகவோ, இரண்டு எஃகுச் சுவர்களுக்கு இடையே வெப்பக்காப்புப் பொருள் திணித்த ஆயத்தக் குழாயாகவோ இருக்கும். ஒற்றைத் தகட்டுக் குழாயை மேல்தளத்தின் ஊடாகவோ பரணின் ஊடாகவோ கொண்டுசெல்ல விதிகள் இடங்கொடுப்பதில்லை. அதன் மேற்பரப்பு அருகிலுள்ள மரச்சட்டத்தைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறக்கூடும் என்பதால், எரியக்கூடிய எப்பொருளிலிருந்தும் 18 அங்குல இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 211ஆம் எண் விதித்தொகுப்பு கூறும் அளவு. பல ஆண்டுகள் மிதமான வெப்பத்தில் வாடிய மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும்; ஆகவே, இருபது ஆண்டுகளாக ஒன்றும் நேரவில்லை என்ற சமாதானம் இவ்விடத்தில் செல்லாது.

குழாயைத் தின்பது நெருப்பு மட்டுமன்று. விறகு முழுமையாக எரியாதபோது எழும் தார் போன்ற ஆவிகள், ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து, கிரியோசோட் எனப்படும் கரிய பிசினாக உறைகின்றன. ஈரம் வற்றாத விறகும், இரவு முழுவதும் தணல் தாங்கவேண்டும் என்று காற்றை அடைத்துப் புகையவிடும் வழக்கமும் இப்படிவைப் பெருக்குகின்றன. வசந்தத்தில் அடுப்பு அணைந்தபின் இப்படிவு குழாயினுள்ளே தங்கி, கோடைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையுடன் தகட்டை மெல்ல அரிக்கிறது. புகைபோக்கியின் தொப்பி பழுதுபட்டு மழைநீர் இறங்கினால் அரிப்பு இரட்டிக்கும். கடற்கரையில் ஒதுங்கிய உப்பேறிய மரத்தை எரிப்பவர்களின் குழாய்கள் இன்னும் விரைவில் பொத்தலாகின்றன. ஆக, அடுப்பு எரியாத மாதங்களிலேயே இக்குழாய் மிகுதியாக மூப்படைகிறது. அரிப்பு உள்ளிருந்து வெளியே வருவதால், கடைசிக் கட்டம்வரை மேற்பூச்சு கறுகறுவென்று ஒழுங்காகவே தோற்றமளிக்கும்.

ஆண்டுக்கொரு முறை சோதிக்கவேண்டும் என்று மேற்சொன்ன விதித்தொகுப்பு வலியுறுத்துகிறது. பலர் இதை இலையுதிர்காலத்தில், முதல் குளிர் தட்டியபின் செய்கின்றனர். கடைசி நெருப்பு அணைந்த வசந்தத்திலேயே துலக்கிச் சோதிப்பதுதான் பொருத்தம். குழாய் நன்கு ஆறியபின் விரலால் சுண்டிக்கொண்டே கீழிருந்து மேலாகச் செல்லவேண்டும்: நல்ல தகடு கணீரென ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். கட்டைவிரலால் அழுத்தும்போது தகடு நெகிழ்ந்தாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை இலேசாகக் குத்தியதும் உள்ளே இறங்கினாலோ அத்துண்டு தீர்ந்துவிட்டது என்று பொருள். சுவரைப் பார்த்த பின்புறம், நீளவாக்கில் ஓடும் மடிப்புத் தையல், திருகுகளைச் சுற்றியுள்ள இடம், சாம்பல் தங்கும் வளைவுகளின் அடிப்பாகம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் ஓட்டை விழும் இடங்கள் பெரும்பாலும் இவையே. பிறகு குழாயைக் கழற்றி, இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கை நுழைத்துப் பார்த்தால் ஊசித்துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். பூச்சு வெளிறிச் சாம்பல் நிறமாகியிருப்பின் குழாய் அளவுமீறிச் சூடேறியிருக்கிறது. அது உட்படிவு ஒருமுறை தீப்பிடித்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

அத்தகைய தீயில் வெப்பம் 1,100 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும். மெலிந்த குழாய் அப்போது செக்கச்சிவந்து, இணைப்பு விட்டு, தீப்பொறியை அறைக்குள் கொட்டும். இதனை நினைத்துப் பார்க்கும் எவரும் ஓட்டையின்மேல் வெப்பந்தாங்கும் நாடாவைச் சுற்றிவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. அடுப்பின் விலையோடு ஒப்பிட்டால் குழாயின் விலை சொற்பம். ஐயம் எழுந்த துண்டை மாற்றிவிடுவதே முறை.

புதுக்குழாய் வாங்கும்போது ஆறு அங்குல அளவுக்கு 24 கேஜுக்குக் குறையாத கனமுள்ள எஃகையே கேட்கவேண்டும். கேஜ் எண் சிறுக்கச் சிறுக்கத் தகடு தடிக்கும் என்பதால் 22 இன்னும் நல்லது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு உதவாது, ஏனெனில் கடுஞ்சூட்டில் அப்பூச்சு ஆவியாகி நச்சுப்புகை கிளப்பும். பொருத்தும்போது, மடிப்பு மடிப்பாகச் சுருக்கப்பட்ட முனை கீழ்நோக்கி இருக்கவேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் வெளிப்புறம் கவிவது மழையை வெளியே வழியவிடுவதற்காக. இங்கே திரவம் உள்ளே வழிவதால் மேல்குழாய் கீழ்க்குழாயின் உட்புறம் இறங்கவேண்டும். அப்போதுதான் உருகிய பிசின் இணைப்பின் வழியே கசியாமல் அடுப்புக்கே திரும்பி எரிந்துபோகும். இவ்வாறு பொருத்தினால் புகை வெளிவரும் என்று பலர் அஞ்சி முனையைத் தலைகீழாக்குகின்றனர். இழுவை சரியாக உள்ள குழாயில் உள்ளழுத்தம் அறையின் காற்றழுத்தத்தைவிடக் குறைவாதலால், இடுக்கின் வழியே அறைக்காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராது. ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று திருகுகள், கிடைமட்டப் பகுதிக்கு அடிக்குக் கால் அங்குல ஏற்றம், வளைவுகள் இயன்றவரை குறைவு என்பன ஏனைய விதிகள். இடைவெளி போதாத அறைகளில் இரட்டைத் தகட்டுக் குழாய் நல்ல மாற்று. அதற்குப் பெரும்பாலும் ஆறு அங்குல இடைவெளியே போதும், புகையும் அதனுள் எளிதில் குளிர்ந்து படிவதில்லை.

குழாயை மாற்றும் வேளையில் புகைபோக்கியையும் பார்க்காமல் விடக்கூடாது. அதன் உட்சுவர் புடைத்தோ பிளந்தோ இருந்தால் கீழே எத்தனை புதுக்குழாய் போட்டும் பயனில்லை. தீப்பிடித்த வரலாறு உள்ள புகைபோக்கியைத் தேர்ச்சிபெற்ற புகைபோக்கித் துப்புரவாளர் முழுமையாகச் சோதிக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. யாவும் சரியெனில், முதல் நெருப்பைச் சன்னல்களைத் திறந்துவைத்து மூட்டவேண்டும். புதிய மேற்பூச்சு வெந்து இறுகும்போது காட்டமான நெடி கிளம்பும், அது ஓரிரு நெருப்புகளுக்குள் அடங்கிவிடும். குழாய் சூடேறியபின் எரியும் ஊதுவத்தி ஒன்றை இணைப்புகளின் அருகே பிடித்தால், புகை எங்கே வெடுக்கென உள்ளே இழுபடுகிறதோ அந்த இடுக்கு அளவுக்கு மீறியது; குழாய் ஆறியதும் அங்கு உலைச்சாந்து பூசி அடைத்துவிடலாம்.