ஜெல்லி மொழியில் புதிய குறிச்சொற்கள்: வடிவமைப்பு நெறிகள்

தகவல்களைப் பெயரிட்டு அடுக்கும் எக்ஸ்எம்எல் வடிவம் 1998ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே அதே வடிவத்தில் கணினிக்கு ஆணையிடும் ஸ்கிரிப்ட் மொழிகளும் தோன்றின. அவற்றுள் ஒன்றான அப்பாச்சி ஜெல்லியை, மென்பொருள் உருவாக்கப் பணிகளைத் தானாக நடத்தும் ஜென்கின்ஸ் கருவி தன் திரைப் பக்கங்களை அமைப்பதற்குப் பயன்படுத்துகிறது.

இம்மொழியில் கோணக் குறிகளுக்குள் எழுதப்படும் பெயர் குறிச்சொல் எனப்படும். அதனோடு சேர்த்துத் தரப்படும் விவரங்கள் பண்புகள் எனப்படும். மொழியில் இல்லாத ஒரு பணி தேவைப்படும்போது, அப்பணியைச் செய்யும் ஜாவா வகுப்பை எழுதி அதற்கு ஒரு குறிச்சொல்லைப் பதிவு செய்யலாம். ஸ்கிரிப்டை நிறைவேற்றும் இயக்கி முதலில் பண்புகளின் மதிப்புகளை வகுப்பிடம் ஒப்படைத்து, பின்னர் ‘டூடேக்’ என்னும் செயற்கூற்றை அழைக்கிறது. கட்டாயமான பண்பு விடுபட்டிருந்தால் பணியைத் தொடங்கும் முன்பே, எந்தப் பண்பு இல்லை என்பதைப் பெயர் சுட்டி அறிவிப்பது வடிவமைப்பாளரின் முதற்கடமையாகும்.

தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையிலுள்ள உள்ளடக்கத்தை இயக்கும் உரிமை குறிச்சொல்லிடமே இருப்பது இம்மொழியின் பெரும் வலிமை. அதை ஒருமுறை இயக்கலாம், பலமுறை இயக்கலாம், இயக்காமலே விடலாம் என்பதால், நிபந்தனையும் சுழற்சியும்கூட மொழியின் தனி இலக்கணமாக இல்லாமல் சாதாரணக் குறிச்சொற்களாகவே அமைகின்றன. உள்ளே அமையும் குறிச்சொல் தன்னைச் சூழ்ந்துள்ள குறிச்சொல்லைத் தேடிக் கண்டு அதனிடம் விவரம் சேர்க்க முடியும். ஆகவே ஒரு மின்னஞ்சல் குறிச்சொல்லுக்குப் பத்துப் பண்புகளைச் சுமத்துவதைவிட, பெறுநர், இணைப்பு ஆகியவற்றை உட்குறிச்சொற்களாகப் பிரிப்பது தெளிவானது. விளைவைச் சேமிக்கும் மாறியின் பெயரையும் வகுப்புக்குள் நிலைப்படுத்தாமல், பயன்படுத்துபவரே ஒரு பண்பின் வழியாகத் தேர்ந்துகொள்ள விடவேண்டும்.

இருவேறு குறிச்சொல் தொகுதிகள் ஒரே பெயரைக் கையாண்டாலும் குழப்பம் நேராதபடி, ஒவ்வொரு தொகுதிக்கும் உரிய எல்லையை வரையறுக்கும் பெயர்வெளி உதவுகிறது. எக்ஸ்எம்எல் யுனிகோட் எழுத்துகளை ஏற்பதால் அவ்வடிவத்தில் தமிழிலும் பெயரிட முடியும். எம்மொழியில் அமைந்தாலும், பெயர் பணியின் நோக்கத்தைச் சொல்லவேண்டுமே தவிர அது நடக்கும் முறையைச் சொல்லக்கூடாது.

எனவே ஜாவா வகுப்பைத் தொடங்குவதற்கு முன், அக்குறிச்சொல் இடம்பெறும் ஸ்கிரிப்டை எழுதிப் பார்ப்பதே சரியான வழி. நிரலாளர் அல்லாத ஒருவரும் அதைப் படித்த அளவில் பொருளுணர்ந்தால், வடிவமைப்பு வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.