காவலைக் குறைத்த உடம்பும் தோலில் வரும் புற்றும்

சிறுநீரகம் மாற்றி வைத்தாகிவிட்டது, ஆள் வீட்டுக்கு வந்தாகிவிட்டது. இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். உண்மையில் அவருக்கு அன்றைக்குத்தான் ஒரு புது வாழ்க்கை ஆரம்பம். அந்த வாழ்க்கையில் அபூர்வமாக வரும் ஒரு நோயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எலக்ட்ரிகல்காரனுக்கு டாக்டர் வேலை எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்யலாம், பரவாயில்லை!

நம் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவைதான் உடம்பின் வாட்ச்மேன்கள். பி அணு, டி அணு என்று முக்கியமாக இரண்டு வகை. கிருமி வந்தாலும் அடிக்கும், அடுத்தவர் கொடுத்த சிறுநீரகம் வந்தாலும் "நீ யார்?" என்று கேட்டு அடிக்கும். 1954-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றத்தில் இந்தச் சண்டை வரவில்லை. காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே மாதிரி இரட்டையர். எல்லாருக்கும் இரட்டைப் பிறவி இருக்குமா? அதனால்தான் வாட்ச்மேனைத் தூங்க வைக்கும் மாத்திரைகள் வந்தன. அவற்றில் பேர் பெற்றது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே சிறுநீரக மாற்றம் நடந்துவிட்டது.

நம் லேபில் ஓவர்லோடு ரிலேயின் செட்டிங்கை ஏற்றி வைத்துப் பாருங்கள். மோட்டார் சும்மா சும்மா ட்ரிப் ஆகாது. ஆனால் நிஜமாகவே ஓவர்லோடு வந்தாலும் ட்ரிப் ஆகாமல் காயில் புகையும். இந்த மாத்திரையின் கதையும் அதேதான்.

1964-ல் கண்டுபிடித்த எப்ஸ்டீன்-பார் வைரஸ், பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கிறது. அது குடியிருப்பது பி அணுவுக்குள். தலை தூக்கவிடாமல் அமுக்கி வைப்பது டி அணு. மாத்திரையால் டி அணு அடங்கிப் போனால், வைரஸ் பிடித்த பி அணு கணக்கில்லாமல் பெருகலாம். வாட்ச்மேனே திருடனாகிவிடுகிறான்! இதற்குப் பெயர் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. பெரும்பாலும் நெறிகட்டும் இடங்களிலும் குடலிலும் வரும். தோலில் மட்டும் வருவது ரொம்ப அபூர்வம். 2013-ல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், பல ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துப் பார்த்தும் கிடைத்தவர்கள் 35 பேர்தான். அதில் 24 பேருக்கு டி அணு வகை, 11 பேருக்கு பி அணு வகை. வெயில் பட்டு வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதிகம் வரும் தோல் புற்று வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டி அணு வகையில் அதிகம் காண்பது மைக்கோசிஸ் பங்காய்ட்ஸ். பெயரைக் கேட்டால் பூஞ்சை நோய் போலிருக்கும். 1806-ல் பாரிஸில் அலிபெர் என்ற டாக்டர் விவரித்த நோயாளியின் கட்டிகள் காளான் போல இருந்ததால் வந்த பெயர் அது. மற்றபடி பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் பார்ப்பதற்குப் படை, கரப்பான் மாதிரியேதான் இருக்கும். ஆபத்தே அங்கேதான். எங்கள் தெருவில் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கும் அண்ணன் ஒருவருக்குத் தொடையில் இப்படி வந்தது. மருந்துக் கடையில் ஏதோ களிம்பு கொடுத்தார்கள். பூசினால் அடங்கும், விட்டால் வரும். மூணு மாசம் இப்படியே ஓடியது. சீட்டு படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். தோல் தொழிலில் ஓட்டை போடும் பஞ்ச் மாதிரி ஒரு சின்னக் கருவி. மரத்துப்போக ஊசி போட்டு, அதை வைத்துத் திருகி, பயறு அளவு தோலை எடுத்தார்கள். அவருக்கு வந்தது வெறும் படைதான். ஆனால் அந்தப் பரிசோதனை இல்லாமல் கண்ணால் பார்த்து மட்டும் அதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

புற்று என்றே தெரிந்தால் என்ன செய்வார்கள்? முதல் வேலை, அந்த மாத்திரைகளைக் குறைப்பது! மாத்திரையைக் குறைத்தால் இந்த லிம்போமா சுருங்கலாம் என்று 1984-ல் தாமஸ் ஸ்டார்ஸலும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள். எல்லாருக்கும் சுருங்கிவிடாது. பி அணு வகைக்கு ரிடுக்ஸிமாப் ஊசி இருக்கிறது. தோலோடு நிற்கும் டி அணு வகைக்குக் களிம்பு, புற ஊதாக் கதிர் சிகிச்சை எல்லாம் உண்டு.

ஆனால் மாத்திரை குறைந்தால் தூங்கிய வாட்ச்மேன் எழுந்து சிறுநீரகத்தை அடிக்கலாம். அதனால்தான் எதை, எவ்வளவு குறைப்பது என்று சிறுநீரக டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் சேர்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பயந்துபோய் நோயாளியே நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடலாம். சிறுநீரகம் போனாலும் வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ் செய்து ஆள் உயிரோடு இருக்கலாம். இதயம் மாற்றிக்கொண்டவருக்கு அந்த வசதியும் கிடையாது.